வெந்நீரில் வெந்த கவசம்!

காமிக் கான் ஹாலுக்குள் நுழைந்ததும் உங்கள் கண்ணில் முதலில் படப்போவது காமிக்ஸ் புத்தகம் இல்லை. ஒரு கையில் ஹெல்மெட், மறு கையில் சமோசாவோடு நிற்கும் ஓர் இரும்பு மனிதர்தான். ஆறடி உயரம், தோளில் பாறை மாதிரி கவசம், மார்பில் நீல லைட். நைஸாகப் பக்கத்தில் போய், ‘‘ப்ரோ, ஒரு தடவை தட்டிப் பார்த்துக்கட்டா?’’ என்று கேளுங்கள். சந்தோஷமாக நெஞ்சைக் காட்டுவார். ‘டங்’ என்ற சத்தத்தை எதிர்பார்த்துத் தட்டினால், ‘டொக்’ என்று கேட்கும். பிரியாணி டப்பாவைத் தட்டினால் வருமே, அதே ‘டொக்’!

இரும்பு இல்லை பாஸ்... ஷீட். வெறும் பிளாஸ்டிக் ஷீட்!

2024 பிப்ரவரி 17, 18 தேதிகளில் நந்தம்பாக்கம் டிரேட் சென்டரில் சென்னையின் முதல் காமிக் கான் நடந்தது. எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது அதற்கு அப்புறம்தான். சினிமா ஹீரோ, அனிமே ஹீரோ மாதிரி வேஷம் கட்டிக்கொண்டு வருவதற்கு ‘காஸ்ப்ளே’ என்று பெயர் என்பது உங்களுக்கே தெரியும். ஆனால், அந்த வேஷத்துக்கான கவசத்தை எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டால் பாதிப் பேர், ‘‘த்ரீ டி பிரின்ட்டிங் மச்சி’’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பாதி உண்மை. மீதிப் பாதி, சூடு.

பள்ளிக்கூடத்துக் கெமிஸ்ட்ரியை ஒரு நிமிடம் தூசு தட்டிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக்கில் இரண்டு ரகம். ஒன்று முட்டை ரகம். ஒரு தடவை வெந்து இறுகிவிட்டால் அந்தப் பிரம்மாவே வந்தாலும் பழையபடி ஆக்க முடியாது. உங்கள் வீட்டு குக்கரின் கறுப்புக் கைப்பிடி இந்த ரகம். இன்னொன்று நெய் ரகம். சூடு காட்டினால் இளகும், ஆறினால் உறையும், மறுபடி காட்டினால் மறுபடி இளகும். இந்த நெய் ரகத்துக்குப் பெயர் தெர்மோபிளாஸ்டிக். கவசம் செய்கிறவர்கள் எல்லோரும் நெய் ரகத்தின் பக்தர்கள்.

உலகம் முழுக்க காஸ்ப்ளே ஆசாமிகள் கும்பிடுகிற ஷீட் ஒன்று இருக்கிறது. பெயர் ‘வொர்ப்ளா’. ஜெர்மன் சரக்கு. பார்க்க சாதாரண பழுப்பு அட்டை மாதிரி இருக்கும். சுமார் 90 டிகிரி சூட்டில் சப்பாத்தி மாவு மாதிரி குழையும். பசையே வேண்டாம், சூட்டோடு சூடாக அழுத்தினால் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். வெட்டியது போக மிஞ்சிய துண்டுகளைக்கூடப் பிசைந்து இன்னொரு பொருள் செய்யலாம். அற்புதம்தான். ஆனால் ஷீட் விலை, கப்பல் கூலி, கஸ்டம்ஸ் எல்லாம் கூட்டிப் பார்த்தால் என் பாக்கெட் மணிக்கு ஒரு முழங்கை மட்டும்தான் தேறும். ஒற்றை முழங்கைக்குக் கவசம் போட்டுக்கொண்டு போனால் ‘அடிபட்டுடுச்சா?’ என்று கேட்பார்கள்.

அதனால் கொஞ்சம் கண்ணைத் திறந்து ஊரைச் சுற்றிப் பாருங்கள். டாக்டர் க்ளினிக் போர்டு, டியூஷன் சென்டர் போர்டு, கல்யாண மண்டப வாசலில் மாப்பிள்ளை பெயர் வெட்டி ஒட்டிய எழுத்து... எல்லாம் எதில் செய்வது? சன்போர்டு! இது உள்ளே நுண்ணிய காற்றுக் குமிழிகள் கொண்ட பி.வி.சி. ஷீட். பி.வி.சி. சுமார் 80 டிகிரியில் இளக ஆரம்பித்துவிடும். அமெரிக்காவில் இதே நுரை பி.வி.சி-யை ‘சின்ட்ரா’ என்ற பெயரில் வாங்கி, ‘ஸ்டார் வார்ஸ்’ மாண்டலோரியன் கவசங்களைப் பல வருடங்களாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். நாம் அதையே ‘இங்கு வாடகைக்கு விடப்படும்’ என்று எழுதி வாசலில் மாட்டுகிறோம்.

தி.நகர் உஸ்மான் ரோடு பக்கத்துச் சந்தில் ஒரு ஃப்ளெக்ஸ் கடை. போர்டு வெட்டியது போக மிஞ்சிய துண்டுகள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன.

‘‘அண்ணே, இதெல்லாம் வேஸ்ட்டுதானே? விலைக்குக் குடுப்பீங்களா?’’

‘‘எதுக்கும்மா, காலேஜ் ப்ராஜெக்ட்டா?’’

‘‘இல்லண்ணே. ராவணனுக்கு மார்க்கவசம்.’’

ஒரு முறை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். அப்புறம் 3 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு கட்டு எடுத்து வைத்துவிட்டு, ‘‘டீ காசு குடுத்துட்டுப் போ’’ என்றார். சென்னையில் பைத்தியங்களுக்கு மரியாதை இருக்கிறது.

அடுத்து ஹீட் கன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். ஹேர் டிரையர் மாதிரியே இருக்கும். ஆனால் தலையில் காட்டிவிடாதீர்கள், 500 டிகிரி வரைக்கும் போகும் ராட்சசன் அது. சன்போர்டைப் பிடித்துக்கொண்டு, ஹீட் கன்னை ஒரே இடத்தில் நிறுத்தாமல் விசிறி மாதிரி ஆட்டிக்கொண்டே இரண்டு பக்கமும் சூடு காட்டினால், விறைப்பாக நின்ற ஷீட் திடீரென்று ஈரத் துணி மாதிரி தொய்யும். அந்த நொடிதான் முகூர்த்தம். கையுறையோடு எடுத்து எவர்சில்வர் குடத்தின் மேல் சுற்றிப் பிடித்தால், ஆறியதும் குடத்தின் வளைவு அப்படியே நிற்கும். ரொம்ப எளிமை, ரொம்ப மேஜிக். முன்கைக்கு இன்னும் சுலபம். 4 இன்ச் பி.வி.சி. குழாயை நீளவாக்கில் அறுத்துச் சூடு காட்டினால், பாதிக் கவசம் பிறக்கும்போதே வளைந்து பிறந்திருக்கும்.

இங்கே மட்டும் விளையாட்டை நிறுத்திவிட்டு ஒரு வார்த்தை. பி.வி.சி. அளவுக்கு மேல் சூடானால் பழுப்பாகும், மூக்கில் சுள்ளென்று ஒரு நெடி ஏறும். அது ஹைட்ரஜன் குளோரைடு. நுரையீரலுக்குள் ஈரத்தில் கரைந்தால் அதுதான் நம் லேபில் இருக்கும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட். துணி மாஸ்க் இதற்கு ஒன்றும் பிடுங்காது. அதனால் மொட்டை மாடி, திறந்த வெளி, காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து அடிக்கும்படி நில்லுங்கள். கேஸ் அடுப்பில் காட்டுவது, மெழுகுவத்தியில் காட்டுவது எல்லாம் கூடவே கூடாது. ஹாஸ்டல் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு செய்யலாமா என்று கேட்கிற ஆசாமிக்கு ஒரே பதில்... வேண்டாம் ராசா!

சரி, ஏன் ராவணன்? ‘தோர், பேட்மேன் எல்லாம் இருக்கும்போது...’ என்று நீங்கள் இழுப்பது கேட்கிறது. காரணம் என் பாட்டி. ஆர்.எஸ்.மனோகர் என்று ஒரு நடிகர் இருந்தார். 2006-ல் காலமானார். ‘நேஷனல் தியேட்டர்ஸ்’ என்ற நாடகக் குழுவை வைத்துக்கொண்டு பிரமாண்ட செட், தந்திரக் காட்சி என்று மேடையில் சினிமா காட்டியவர். அவருடைய ‘இலங்கேஸ்வரன்’ நாடகத்தைப் பாட்டி பார்த்திருக்கிறாள். ‘‘அந்த மனுஷன் ராவணனா வந்து நின்னா கோபுரம் நின்னாப்பல இருக்கும்டி’’ என்று இப்போதும் கண்ணை விரிப்பாள். என் ஐடியாவைச் சொன்னதும் அவள் கேட்ட ஒரே கேள்வி, ‘‘பத்துத் தலையும் பண்ணப்போறியா?’’

‘‘ஒண்ணுதான் பாட்டி. பத்துத் தலைக்கெல்லாம் பஸ்ல ஃப்ரீ டிக்கெட் குடுக்க மாட்டாங்க!’’

டிசைனுக்காகத் துருவியபோது ஒரு விஷயம் புரிந்தது. காஸ்ப்ளே நமக்குப் புதுசே இல்லை மக்களே. வடதமிழ்நாட்டுத் தெருக்கூத்தைப் பாருங்கள். தலையில் கிரீடம், தோள் இரண்டிலும் புஜகீர்த்தி, மார்பில் பதக்கம். அத்தனையும் மரக்கட்டை! கண்ணாடிச் சில்லும் ஜிகினாத்தாளும் ஒட்டியது. அந்தக் கட்டைகளைக் கட்டிக்கொண்டு ஆடுவதால்தான் ‘கட்டைக்கூத்து’ என்றே பெயர். அந்தப் பெயரிலேயே காஞ்சிபுரத்தில் 1990-ல் ஒரு சங்கம் தொடங்கியிருக்கிறார்கள். கூத்து விடிய விடிய நடக்கும். துரியோதனன் இரவு முழுக்கக் கிறுகிறுவென்று சுற்ற வேண்டும். அதனால் எடை குறைவான மரம், உடம்போடு ஒட்டி நிற்கும் கட்டு. ‘பார்க்கப் பாறை, தூக்கப் பஞ்சு’ என்ற காஸ்ப்ளே ஃபார்முலாவை அவர்கள் எந்த ஹீட் கன்னும் இல்லாமல் கண்டுபிடித்துவிட்டார்கள்.

எனக்கு முட்டுக்கட்டை போட்டது தோள். சன்போர்டுக்கு ஒரு திசையில் வளைவது ஜுஜுபி. ஆனால் தோள் என்பது உருண்டை. முன்னும் பின்னும், மேலும் கீழும் ஒரே நேரத்தில் வளைய வேண்டும். அட்டையால் கிரிக்கெட் பந்தைச் சுற்றிப் பாருங்கள், புரியும். அந்த நேரத்தில்தான் பாட்டி விழுந்தாள்.

காலையில் கோலம் போட்டுவிட்டு எழுந்தபோது ஈரத்தில் சறுக்கி, வலது கையை ஊன்றியிருக்கிறாள். மணிக்கட்டுக்கு மேலே எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த அன்று பாட்டியின் கை வேறு யாருடையதோ போல இருந்தது. மெலிந்து, வெளுத்து, விரலை மடக்கச் சொன்னால் பாதியில் நின்றுபோனது. ‘‘சொந்தக் கையால பிசைஞ்சு ஒரு வாய் சாப்பிட்டாப் போதும்டி’’ என்றாள். பதினெட்டுப் புள்ளிக் கோலத்தை நோட்டுப் புத்தகமே இல்லாமல் போடுகிறவள். வீட்டில் எல்லோரும் தைரியம் சொன்னோம். உள்ளுக்குள் யாருக்கும் நம்பிக்கை இல்லை.

அடையாறில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அங்கே கைக்கு ஸ்ப்ளின்ட் செய்கிற ஓர் அறை. மேஜை மேல் தோசைக்கல் அகலத்தில் ஒரு மின்சாரத் தொட்டி, உள்ளே சுமார் 70 டிகிரியில் வெந்நீர். தெரபிஸ்ட் அக்கா ஒரு வெள்ளை ஷீட்டைப் பாட்டியின் கையளவுக்கு வெட்டி, கட்டைவிரலுக்கு ஓர் ஓட்டை போட்டு, வெந்நீரில் நழுவவிட்டார். ஒரு நிமிடம்தான். வெள்ளையாக இருந்த ஷீட் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது! தொட்டியின் அடிப்பக்கமே தெரிந்தது.

நான் நாற்காலியில் இருந்து எழுந்தேவிட்டேன். ‘‘அக்கா, இது நெய் ரகம்தானே?’’ என்று கேட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு, ராவணன் கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டு, ‘‘பக்கத்துல வந்து பாரு’’ என்றார்.

அந்த ஷீட் பாலிகேப்ரோலாக்டோன் என்ற பிளாஸ்டிக் குடும்பம். சுமார் 60 டிகிரியிலேயே உருகிவிடும். அதனால்தான் துடைத்துவிட்டு நேராகத் தோல் மேல் வைக்க முடிகிறது. அக்கா முதலில் தன் கையில் வைத்துச் சூடு பார்த்தார். பாட்டியின் கையை மல்லாத்தி வைத்து, ஷீட்டை மேலே போட்டார். போட்டதோடு சரி, அழுத்தவில்லை. அது தானாகவே பாரத்தில் வழிந்து, கையின் மேடு பள்ளமெல்லாம் தேடித் தேடி உட்கார்ந்தது. எனக்கு ஆஸ்பத்திரி என்பதே மறந்துபோய்க் கைதட்டத் தோன்றியது. இரண்டு, மூன்று நிமிடத்தில் கண்ணாடி மறுபடி வெள்ளையானது. வெள்ளையானால் உறைந்துவிட்டது என்று அர்த்தம்.

அந்த அரை மணி நேரத்தில் அக்கா பேச்சுவாக்கில் சொன்னதை அப்படியே மொபைலில் குறித்துக்கொண்டேன். கவசம் செய்கிற எந்த ஆசாமியும் எனக்கு இதைச் சொன்னதில்லை. சூடான ஷீட்டை விரல் நுனியால் பிடிக்காதே, உள்ளங்கையால் தடவு. விரல் பதிந்த பள்ளம் உள்ளே மேடாக நிற்கும், பிறகு நாள் முழுக்கக் குத்தும். எலும்பு துருத்தும் இடத்தில் முதலில் ஒரு பஞ்சுத் துண்டை வைத்துவிட்டு அதன் மேல் ஷீட்டை வார்த்தால், எலும்புக்கென்று ஒரு சின்ன வீடு கிடைக்கும். ஓரத்தை எப்போதும் வெளிப்பக்கம் லேசாக மடித்துவிடு. முன்கை நீளத்தில் மூன்றில் இரண்டு பங்காவது இருந்தால்தான் பாரம் ஓர் இடத்தில் விழாமல் பரவும். கடைசியாக, உள்ளங்கை ரேகையைத் தாண்டாதே.

‘‘ஏன்க்கா?’’

‘‘தாண்டினா விரல் மடங்காது. கையைக் காப்பாத்துறேன்னு விரலைக் கெடுத்துடக் கூடாதில்ல?’’

இந்த ஒரு வரிக்காகவே நான் வீட்டுக்கு வந்து, பாதி முடிந்திருந்த மார்க்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து பார்த்தேன். நீங்களும் செய்யுங்கள். நிற்கும்போது கம்பீரமாக இருக்கிற கவசம், உட்கார்ந்ததும் தாடையில் வந்து இடிக்கும். பெரும்பாலான காஸ்ப்ளே கவசங்கள் போட்டோவுக்கு மட்டும் பிறந்தவை. போட்டோ எடுத்து முடித்ததும் ஆசாமி சுவரில் சாய்ந்து ‘ஹெல்ப் மீ’ என்பது போல நிற்பார்.

உட்காருகிற கவசத்துக்கு யாரிடம் போவது? மயிலாப்பூரில் பரதநாட்டிய டிரெஸ் தைக்கிறவர்களைவிட்டால் வேறு யார்! மாட வீதிப் பக்கம் ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே மிஷின் போட்டிருக்கும் மாஸ்டர். அரைமண்டியில் உட்காரும்போது விசிறி விரிய வேண்டும், ஒட்டியாணம் ஏறிக்கொள்ளக் கூடாது... இதே கணக்கை வாழ்நாள் முழுக்கப் போடுகிறவர். என் சன்போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘‘நின்னுக்கிட்டு அளவெடுத்தியா? உட்கார்ந்து எடு. மூச்சை நல்லா இழுத்துக்கிட்டு எடு’’ என்றார். தோள் உருண்டைப் பிரச்னையைச் சொன்னேன். ஒரு ஜாக்கெட்டை எடுத்து மடித்துக் காட்டினார். ‘‘தட்டையான துணி உருண்டையா எப்படி நிக்குது? டார்ட்டும்மா! நாலு இடத்துல கூம்பா வெட்டி எடுத்துட்டு, ஓரத்தைச் சேர்த்துடு.’’

அவ்வளவுதான் பாஸ்! ஷீட்டில் நான்கு ‘வி’ வெட்டினேன். ஓரங்களில் ஃபெவிகால் எஸ்.ஆர். தடவி, காய விட்டு, சூடு காட்டிச் சேர்த்தேன். தோள் உருண்டது. பாலிமர் இன்ஜினீயரிங் புத்தகத்தில் இல்லாத விடை ஜாக்கெட்டில் இருந்தது. அளவெடுக்கவும் தனியாக மிஷின் ஒன்றும் வேண்டாம். பழைய டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு, மேலே நியூஸ் பேப்பரையும் மாஸ்கிங் டேப்பையும் சுற்றச் சொல்லுங்கள். அதன் மேல் கவசத்தின் கோடுகளை வரைந்து, கத்தரித்து எடுத்தால் உங்கள் உடம்பின் வரைபடம் கையில் வந்துவிடும். கத்தரிக்கிற ஆள் உங்கள் மேல் கடன் பாக்கி இல்லாதவராக இருப்பது நல்லது.

இந்தச் சூட்டு வித்தை எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று தேட ஆரம்பித்தால் நிறுத்தவே முடியாது. உங்கள் காலில் இருக்கும் ஷூவின் மூக்கை அழுத்திப் பாருங்கள். உள்ளே விறைப்பாக ஒன்று தட்டுப்படுகிறதா? டோ பஃப். குதிகாலைச் சுற்றி இருப்பது கவுன்ட்டர். பெரும்பாலும் தெர்மோபிளாஸ்டிக் ஷீட்தான். ‘லாஸ்ட்’ என்கிற கால் அச்சின் மேல் சூடாக வைத்து வார்ப்பார்கள். ஆம்பூர் ஷூ ஃபேக்டரிகளில் இது தினசரி வேலை. தோல் ஆராய்ச்சிக்கென்று 1948-ல் தொடங்கிய சி.எல்.ஆர்.ஐ. நம் அடையாறில்தான் இருக்கிறது. கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் மாதிரி செயற்கைக் கால், கேலிப்பர் செய்கிற துறைக்குப் போனால் இன்னும் நெருக்கம். கேலிப்பருக்கு முதலில் காலின் மாதிரியைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் எடுப்பார்கள். பாலிபுரொப்பிலீன் ஷீட்டை அவனில் வைத்து, அது தொய்ந்ததும் மாதிரியின் மேல் போர்த்தி, உள்ளே இருக்கும் காற்றை மோட்டார் வைத்து உறிஞ்சிவிடுவார்கள். ஷீட் ‘சப்’பென்று காலோடு ஒட்டிக்கொள்ளும். காஸ்ப்ளே பாஷையில் இதற்குப் பெயர் வேக்யூம் ஃபார்மிங். நம் பாஷையில் ஒரு குழந்தை நடக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையும் அடையாறில்தான். தலை, கழுத்துப் பகுதியில் புற்றுநோய் வந்தவர்களுக்குக் கதிர்வீச்சு கொடுக்கும்போது தலை இம்மிகூட அசையக் கூடாது. அதற்காக உலகம் முழுக்க ஒரு முகமூடி செய்கிறார்கள். வலை மாதிரி ஓட்டைகள் போட்ட தெர்மோபிளாஸ்டிக் ஷீட். வெந்நீரில் இளக்கி, முகத்தின் மேல் மெதுவாக இழுத்து, மேஜையோடு மாட்டிவிடுவார்கள். சில நிமிடங்களில் அந்த நபரின் மூக்கும் கன்னமும் அச்சாகப் பதிந்துவிடும். பெரியவர்களுக்கே பயம் வரும் விஷயம். குழந்தைகளுக்கு? வெளிநாட்டில் சில ஆஸ்பத்திரிகளில் அந்த முகமூடிக்கு ஸ்பைடர்மேன் முகம் வரைந்து கொடுக்கிறார்கள். காமிக் கானில் நாம் மாட்டிக்கொள்வதற்கும் அந்தக் குழந்தை மாட்டிக்கொள்வதற்கும் பொருளில் பெரிய வித்தியாசம் இல்லை. இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காலேஜில் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடி அலைகிற மெக்கானிக்கல், பயோமெடிக்கல் மக்கா... தலைப்பு இங்கே கிடக்கிறது. ஸ்ப்ளின்ட் ஷீட்டும் நம்மை வாட்டுகிற விலைதான். அதை உள்ளூரில், கம்மி விலையில், அதே 60 டிகிரியில் இளகும்படி செய்து காட்டுங்களேன்!

இவ்வளவும் சொன்ன பிறகும் அப்பா, ‘‘எல்லாம் சரி, இது என்ன கலையா? பிளாஸ்டிக் வேலைதானே?’’ என்றார். ஆச்சர்யம் என்னவென்றால், இதே கேள்வி பிரிட்டன் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயிருக்கிறது! ‘ஸ்டார் வார்ஸ்’ முதல் படத்தில் வெள்ளைக் கவசத்தோடு படை படையாக வருவார்களே, ஸ்டார்ம்ட்ரூப்பர்கள்... அந்த ஹெல்மெட்டுகளை 1976-ல் லண்டன் பக்கத்தில் ட்விக்கன்ஹாம் என்ற இடத்தில், ஆண்ட்ரூ எய்ன்ஸ்வொர்த் என்பவர் தன் பட்டறையில் பிளாஸ்டிக் ஷீட்டை வேக்யூம் ஃபார்மிங் செய்து வார்த்துக் கொடுத்தார். பிற்காலத்தில் அவர் அதே அச்சு வழியில் நகல் செய்து விற்க, லூகாஸ்ஃபிலிம் வழக்குப் போட்டது. ஹெல்மெட் ஒரு சிற்பம் என்றால் நீண்ட கால காப்புரிமை உண்டு. 2011 ஜூலையில் கோர்ட் சொன்ன தீர்ப்பு: இது சிற்பம் இல்லை. சினிமா எடுக்கப் பயன்பட்ட ஒரு பொருள்!

அப்பா ஜெயித்துவிட்ட மாதிரி சிரித்தார். எனக்கும் அந்தத் தீர்ப்பு பிடித்துத்தான் இருந்தது. சிற்பம் என்று ஷோகேஸில் வைத்துப் பூட்டிவிட்டால் அது உட்காராது, மூச்சு விடாது. ‘பயன்படுகிற பொருள்’ என்று சொல்லிவிட்டால், பாட்டி கையில் இருந்த ஸ்ப்ளின்ட்டுக்கும் என் மார்க்கவசத்துக்கும் ஒரே குலம் ஆகிவிடுகிறது. நான் அப்பாவிடம் வாதாடவில்லை. அவரைக் கூப்பிட்டு முதுகுப் பக்கத்து வாரை இழுத்துக் கட்டச் சொன்னேன். கட்டினார். இரண்டாவது வாரைக் கட்டும்போது, ‘‘இந்த இடத்துல ஒரு வாஷர் வெச்சா பிய்யாது’’ என்று அவரே டூல் பாக்ஸ் எடுக்கப் போனார்.

பெயின்ட் வேலையை நீட்டி முழக்கப் போவதில்லை. முழுக்கக் கறுப்பு அடித்து, காய்ந்ததும் கிட்டத்தட்டக் காய்ந்த பிரஷ்ஷால் தங்கக் கலரை மேடுகளில் மட்டும் தடவினால் பழைய வெண்கலம் ரெடி. ஓரங்களுக்கு ரங்கநாதன் தெருவில் ஜரிகை லேஸும் கல்லும் வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம் ஒன்று உண்டு. நெய் ரகம் வாழ்நாள் முழுக்க நெய்தான். கத்திரி வெயிலில் கண்ணாடி ஏற்றிய காருக்குள் கவசத்தை வைத்துவிட்டு சரவண பவனில் டிபன் சாப்பிடப் போனால், திரும்பி வரும்போது ராவணன் கும்பகர்ணன் மாதிரி படுத்திருப்பார். ஸ்ப்ளின்ட்டோடு கொடுக்கிற அறிவுரைச் சீட்டிலேயே ‘காரில் வைக்காதீர்கள்’ என்றுதான் போட்டிருந்தது. மெட்ரோவில் போவது உத்தமம். ஏ.சி. உண்டு, தேனாம்பேட்டையில் ஏறி ஆலந்தூரில் இறங்கி ஆட்டோ பிடித்தால் டிரேட் சென்டர். கவசத்தை மாட்டிக்கொண்டே போகாதீர்கள். கட்டைப் பையில் வையுங்கள். செக்யூரிட்டியிலேயே பாதி காமிக் கான் முடிந்துவிடும்.

பாட்டி ஸ்ப்ளின்ட்டைக் கழற்றிக் கழற்றிப் பயிற்சி செய்தாள். மிருதுவான பந்தை அமுக்குவது, டம்ளரைத் தூக்குவது, சோறு பிசைவது. மார்கழி முதல் நாள் காலையில் நான் எழுந்து வருவதற்குள் வாசலில் கோலம் இருந்தது. பதினெட்டுப் புள்ளி இல்லை, ஏழு புள்ளி. ஒரு சிக்கு வளைவு மட்டும் லேசாக நடுங்கியிருந்தது. அன்றைக்கே ஸ்ப்ளின்ட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். ‘‘டாக்டரம்மா போதும்னுட்டா. உன் ராவணனுக்கு வெச்சுக்கோ.’’

சோப்புப் போட்டுக் கழுவி, வெந்நீரில் போட்டேன். இந்த ஷீட்டுக்கு ஞாபகசக்தி உண்டு என்று அக்கா சொல்லியிருந்தார். பாட்டி பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தாள். வெள்ளை மெல்ல மெல்லக் கண்ணாடியானது. மணிக்கட்டு மேடு கரைந்தது. முன்கையின் வளைவு விரிந்தது. எலும்புக்குக் கட்டிய சின்ன வீடு காணாமல் போனது. ஒரு நிமிடத்தில் வெறும் தட்டை ஷீட், நடுவில் கட்டைவிரல் ஓட்டையோடு தண்ணீரில் கிடந்தது.

‘‘என் கை எங்கடி போச்சு?’’ என்றாள் பாட்டி.

அதை எடுத்து மார்புப் பதக்கமாக வார்த்தேன். கட்டைவிரல் ஓட்டையில் ஒரு சிவப்புக் கல் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. பாட்டி தூரத்தில் நின்று பார்த்தாள், கிட்டே வந்து பார்த்தாள். மனோகர் அளவுக்கு இல்லை என்று தீர்ப்புச் சொன்னாள். பிறகு, ‘‘ஆட்டம் முடிஞ்சதும் பத்திரமா எடுத்துட்டு வா. குளிர்ல கை வலிச்சா வெந்நீர்ல போட்டு எனக்கே மாட்டிவிடு’’ என்றாள்.

அது முடியுமா என்று தெரபிஸ்ட் அக்காவுக்குப் போன் பண்ணிக் கேட்டேன்.

‘‘நீ மாட்டாதே. இங்க கொண்டு வா, பார்க்கலாம்’’ என்றார். ‘‘வர்றதுக்கு முன்னாடி அந்தக் கல்லைப் பிரிச்சுடு.’’